ஓவிய ஆசிரியர்களுக்கு ஒரு சுவர்

சென்னையில் 1850இல் ஓர் ஓவியப் பள்ளி தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டே அருங்காட்சியகமும் வந்தது. பள்ளியைத் தொடங்கிய அலெக்சாண்டர் ஹண்டர் ஓர் அறுவை மருத்துவர். அருங்காட்சியகத்தின் முதல் பொறுப்பாளர் எட்வர்ட் பால்ஃபரும் மருத்துவரே. வரையக் கற்றுக்கொடுக்க ஓர் இடம், வரைந்ததைக் காத்து வைக்க ஓர் இடம் என்று இரண்டும் நமக்கு ஏறத்தாழ ஒரே நேரத்தில் கிடைத்துவிட்டன. அந்தப் பள்ளிதான் இன்றைய அரசு கவின்கலைக் கல்லூரி. அங்கிருந்து எழும்பூர் பாந்தியன் சாலை அருங்காட்சியகத்துக்கு நடந்தே போய்விடலாம்.

தமிழகத்தின் நவீன ஓவியத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் ‘சென்னை இயக்கம்’ என்று ஒன்றைக் குறிப்பிடுவார்கள். அதில் வரும் பெயர்களைப் பார்த்தால், அது பெரும்பாலும் வாத்தியார்களின் வரிசை. 1929இல் ஓவியப் பள்ளியின் பொறுப்பை ஏற்ற முதல் இந்தியர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. அவரிடம் படித்த கே.சி.எஸ். பணிக்கர் 1957இல் அதே பள்ளியின் முதல்வரானார். 1966இல் மாணவர்களையும் சக ஓவியர்களையும் சேர்த்துக்கொண்டு ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கினார். துணியில் பாத்திக் வேலை செய்து விற்ற பணத்தில்தான் அவர்கள் அங்கே காலூன்றினார்கள். மயிலாப்பூர்க்காரரான எஸ். தனபாலும் ராய் சௌத்ரியின் மாணவர், பிறகு அங்கேயே ஆசிரியர், பின்னாளில் முதல்வர். பெரியாரையும் காமராஜரையும் சிலையாக வடித்த அந்தக் கைதான், துறையூர்ப் பக்கத்துக் கீராம்பூரிலிருந்து வந்த கே.எம். ஆதிமூலம் என்ற இளைஞருக்கு ஓவியப் பள்ளியின் வழியைக் காட்டியது. எல். முனுசாமியும் திருவண்ணாமலையில் பிறந்த ஏ.பி. சந்தானராஜும் அங்கே மாணவர்களாக நுழைந்து ஆசிரியர்களாகி, முதல்வர்களாகவும் இருந்தவர்கள்.

மெரினாவில் உழைப்பாளர் சிலையைத் தினமும் எத்தனையோ பேர் கடந்து போகிறார்கள். அதே கடற்கரையில் நிற்கும் காந்தி சிலையையும் செய்தவர் ராய் சௌத்ரிதான். இரண்டும் 1959இல் நிறுவப்பட்டவை. செய்தவர் கால் நூற்றாண்டுக்கும் மேல் இந்த நகரத்தில் மாணவர்களுக்கு வரையவும் வடிக்கவும் கற்றுக்கொடுத்த வாத்தியார் என்று நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறோம்?

பணிக்கர் கோயம்புத்தூரில் பிறந்தவர். வேலை செய்தது சென்னையில். ஆனால் அவர் படைப்புகளைத் தொகுப்பாகப் பார்க்க வேண்டுமென்றால் திருவனந்தபுரம் போக வேண்டும். அங்கே அருங்காட்சியக வளாகத்திலேயே அவர் பெயரில் ஒரு கூடம் இருக்கிறது. அவருடைய குடும்ப வேர் கேரளத்தில். தன் படைப்புகளை அந்த மாநிலத்துக்கு அவர் கொடுத்தார், அவர்கள் வாங்கி இடமும் கொடுத்தார்கள். அதில் நமக்கு மனக்குறை வேண்டாம். ஓர் ஆசிரியரின் வாழ்நாள் வேலையை ஒரே கூரையின்கீழ் பார்க்க முடிந்தால் என்ன கிடைக்கும் என்று தெரிந்துகொள்ள அங்கே ஒருமுறை போய் வந்தால் போதும். தனித்தனிப் படமாகப் பார்க்கும்போது பிடிபடாத மனிதர், வரிசையாகப் பார்க்கும்போது பிடிபடுகிறார்.

இவர்களெல்லாம் எப்படியோ பெயர் நின்றவர்கள். எனக்குக் கவலை மற்றவர்களைப் பற்றியது. நம் ஊர்ப் பள்ளிகளில் ‘டிராயிங் மாஸ்டர்’ என்றும் ‘டிராயிங் சார்’ என்றும் அழைக்கப்பட்டு, முப்பது வருடம் சாக்பீஸ் தூளோடு வாழ்ந்து, ஓய்வு பெற்றுப் போனவர்களைப் பற்றியது.

சில காலம் முன்பு ஒரு மாவட்டத் தலைநகரின் அரசு அருங்காட்சியகத்துக்குப் போயிருந்தேன். முதுமக்கள் தாழி, நடுகல், நாணயப் பேழை, பாடம் செய்த பறவைகள் என்று எல்லா ஊரிலும் இருப்பவை அங்கும் இருந்தன. கடைசி அறையில் சட்டம் போட்ட சில படங்கள். அவற்றில் ஒன்று நீர்வண்ணம்: மழை விட்ட நேரத்து வாரச்சந்தை. தார்ப்பாயை உதறுகிற ஒருவர், கூடையைத் தலைக்கு ஏற்றுவதற்காகக் குனிந்திருக்கும் ஒரு பெண், தூரத்தில் ஓட்டுக் கூரைகள். தரையில் தேங்கிய தண்ணீருக்கு வரைந்தவர் வண்ணமே தொடவில்லை. தாளை அப்படியே வெள்ளையாக விட்டிருந்தார். சுற்றிலும் பூசியதில் தண்ணீர் தானாக வந்துவிட்டது. கீழ் மூலையில் இரண்டு முதலெழுத்தும் வருடமும். அந்த எழுத்தின் சாய்வை எங்கே பார்த்தாலும் எனக்குத் தெரியும். எங்கள் ஓவிய நோட்டுகளில் வாராவாரம் ‘பார்த்தேன்’ என்று கையெழுத்திட்ட எழுத்து அது.

பள்ளியில் அவர் எங்களுக்கு வரையக் கொடுத்தது குடம், குத்துவிளக்கு, செம்பருத்தி. ஒரு குடத்துக்கு வெளிச்சம் ஒரு பக்கம், நிழல் ஒரு பக்கம், இரண்டுக்கும் நடுவில் இன்னொரு சாயல் என்று மூன்று பகுதி உண்டு என்பதை எத்தனை தடவை சொன்னாரோ, கணக்கில்லை. அரசு நடத்தும் ஓவியத் தேர்வுக்கு, கீழ்நிலை, மேல்நிலை இரண்டுக்கும், சாயங்காலம் பிள்ளைகளை உட்காரவைத்துத் தனியாகச் சொல்லிக்கொடுப்பார். ஆண்டு விழா மேடைத் திரை அவர் வேலை. அறிவியல் கண்காட்சிக்கு இதயத்தின் குறுக்குவெட்டு, நூலகத்துக்குத் தலைவர்கள் படம், வாசல் கரும்பலகையில் வண்ணச் சாக்பீஸால் பொங்கல் பானை, எல்லாம் அவர் வேலைதான். பரீட்சை நெருங்கினால் ஓவிய வகுப்பைக் கணக்கு வாத்தியார் எடுத்துக்கொள்வார். இவர் ஒரு சொல் சொல்லாமல் வெளியே போய் நிற்பார். இவ்வளவு பார்த்த எங்களில் ஒருவருக்கும் இவர் வீட்டில் தனக்காக வரைகிறார் என்று தெரிந்திருக்கவில்லை. அந்தச் சந்தைப் படத்தின் முன்னால் நின்றபோதுதான், வகுப்பில் நாங்கள் பார்த்தது அவருடைய கால்வாசி என்று புரிந்தது.

படத்தின் கீழ் இருந்த விவரச் சீட்டில் ‘சந்தை – நீர்வண்ணம்’ என்பதற்கு மேல் எதுவும் இல்லை. காப்பாட்சியர் நல்ல மனிதர். கேட்டவுடன் பதிவேட்டை எடுத்துப் பார்த்தார். அன்பளிப்பு என்று மட்டும் இருந்தது. கொடுத்தவர் பெயரோ வரைந்தவர் பெயரோ இல்லை. நான் சொன்ன பெயரையும், அவர் எந்தக் காலத்தில் எந்தப் பள்ளியில் இருந்தார் என்பதையும் எழுதி வாங்கிக்கொண்டார். அந்த அலுவலகத்தில் கல்வெட்டுக்கும் அவர்தான், பறவைக்கும் அவர்தான், பள்ளிப் பிள்ளைகள் கூட்டமாக வந்தால் சுற்றிக் காட்டுவதும் அவர்தான். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த எழுத்தைப் பார்த்தால் வரைந்தவர் யார் என்று சொல்லக்கூடிய நூற்றுக்கணக்கான பேர் அதே ஊரில் இருந்தோம். சொல்ல ஒருவரும் போகவில்லை.

எங்கள் ஆசிரியரின் மற்ற படங்களைத் தேடினேன். பழைய வீட்டை இடித்துக் கட்டியபோது பரணிலிருந்து இறக்கிய காகிதக் கட்டு ஒன்று எங்கே போனதென்று வீட்டாருக்கே நினைவில்லை. சில உறவினர் வீடுகளில் இருக்கின்றன. ஒன்றை, அப்பா வரைந்தது கெட்டுவிடக் கூடாது என்ற பாசத்தில், லேமினேட் செய்து வைத்திருந்தார்கள். சூட்டில் ஒட்டிய அந்தப் பிளாஸ்டிக்கை இனிப் படத்துக்குச் சேதமில்லாமல் பிரிப்பது மிகக் கடினம்.

இது ஒரு ஊரின் கதையாக இருந்தால் எழுதியிருக்க மாட்டேன். நம் மாவட்டங்கள் ஒவ்வொன்றிலும் இப்படி எத்தனையோ கட்டுகள் பரணில் இருக்கின்றன, எத்தனையோ போய்விட்டன. காகிதம் நம் தட்பவெப்பத்துக்குத் தாங்காது. கடலோர ஈரப்பதத்தில் பூஞ்சை பிடிக்கும், பழுப்புப் புள்ளி விழும், உள்நாட்டில் கரையான். நீர்வண்ணத்துக்கு வெளிச்சமே எதிரி. காகிதப் படங்களுக்கு 50 லக்ஸுக்கு மேல் வெளிச்சம் கூடாது என்பது அருங்காட்சியகங்கள் பொதுவாக வைத்திருக்கும் அளவு. நம் வீட்டு ஜன்னலோரச் சுவரில் பகல் வெளிச்சம் அதைப் போல் பல மடங்கு. ஆகவே மாட்டி வைத்தாலும் போகிறது, கட்டி வைத்தாலும் போகிறது.

சட்டமும் பெரிதாகக் கைகொடுக்காது. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைக் கருவூலச் சட்டம் நூறாண்டு கடந்தவற்றைக் காக்கும். நூறாண்டு ஆகாதவற்றில், அரசு ‘கலைக் கருவூலம்’ என்று அறிவித்த படைப்புகளை மட்டும் காக்கும். அந்தப் பட்டியலில் இருப்பவர்கள் ஒன்பது பேர்: ரவி வர்மா, அம்ரிதா ஷேர்கில், ஜாமினி ராய், தாகூர் குடும்பத்து மூவர், நந்தலால் போஸ், சைலோஸ் முகர்ஜி, நிகோலஸ் ரோரிச். ஒன்பது பேரில் ஒருவரும் தமிழகத்தவர் இல்லை. ஐம்பது, அறுபது வருடத்துக்கு முன் ஓர் உயர்நிலைப் பள்ளி ஆசிரியர் வரைந்த படத்துக்குச் சட்டத்தின் கண்ணில் எந்தத் தகுதியும் கிடையாது. ஏலச் சந்தையின் கண்ணிலும் கிடையாது. மிஞ்சுவது ஊர்தான்.

இதைச் சொன்னால் சிலர் நேர்மையாகவே ஒரு கேள்வி கேட்கிறார்கள்: பள்ளி ஓவிய ஆசிரியர் வரைந்ததெல்லாம் கலையாகிவிடுமா, அருங்காட்சியகத்தில் வைக்கும் தரம் வேண்டாமா? வேண்டும். எல்லாவற்றையும் மாட்டச் சொல்லவில்லை. ஆனால் தேர்ந்தெடுக்க முதலில் கைவசம் இருக்க வேண்டும். இருபது ஆசிரியர்களின் படங்களைப் பார்த்து அதிலிருந்து ஐந்தை எடுப்பது தேர்வு. பார்க்காமலே இருபதையும் பழைய பேப்பர் கடைக்குப் போக விடுவதற்குத் தேர்வு என்று பெயரில்லை. தரத்தைத் தாண்டி இன்னொன்றும் உண்டு. இவர்கள் வரைந்தது தாங்கள் வாழ்ந்த ஊரை. தூர்ந்துபோன குளம், இடிக்கப்பட்ட சத்திரம், இடம் மாறிய சந்தை, அகலப்படுத்துவதற்கு முன்னிருந்த தெரு ஆகியவற்றின் வண்ணப் பதிவு, கேமரா எல்லார் கைக்கும் வராத காலத்தில், வேறு யாரிடம் இருக்கும்? கோவில்பட்டியில் குடியேறி நாட்காட்டி ஓவியத்துக்கு ஒரு மாணவர் பரம்பரையையே உருவாக்கிய கொண்டைய ராஜுவின் படங்களை ஒரு காலத்தில் ஆண்டு முடிந்ததும் கிழித்துப் போட்டோம். இன்று அதே நாட்காட்டிகளை ஆய்வாளர்கள் தேடி அலைகிறார்கள்.

இன்னொரு கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும். உயிரோடிருக்கும் ஓவிய ஆசிரியர்களுக்கே வழியில்லாதபோது மறைந்தவர்களின் காகிதத்துக்கு என்ன அவசரம் என்று கேட்கிறார்கள். இரண்டும் ஒரே நோயின் இரண்டு அறிகுறிகள் என்றே நினைக்கிறேன். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், நூறு பிள்ளைகளுக்கு மேல் படிக்கும் நடுநிலை வகுப்புகளுக்குக் கலைக் கல்விக்கெனப் பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும் என்கிறது. சட்டம் கேட்டதே பகுதிநேரம்தான். அதன்படி தமிழகத்தில் ஓவியம், உடற்கல்வி, இசை, தையல், கணினி ஆகியவற்றுக்காக 16,549 பேர் 2012இல் நியமிக்கப்பட்டார்கள். வாரத்தில் மூன்று அரை நாள் வேலை, மாதம் 5,000 ரூபாய். ஊதியம் பிறகு உயர்த்தப்பட்டது. பணிநிரந்தரம் கேட்டு அவர்கள் ஆண்டுக்கணக்கில் தெருவில் நின்றார்கள். இப்போது அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடக்கிறது. அது நல்ல தொடக்கம், மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் போட்டிக்கு வந்து வரைகிற பிள்ளைக்கு மீதி நாளெல்லாம் கையைப் பிடித்துச் சொல்லித்தர ஓர் ஆசிரியர் வேண்டும். ஓவிய ஆசிரியர் என்பவர் பள்ளிக்கு எதற்கு என்பதை ஒரு சமூகம் மறக்கத் தொடங்கினால், பழையவரின் படம் பரணில் கிடப்பதும் புதியவரின் பணியிடம் காலியாகக் கிடப்பதும் சேர்ந்தே நடக்கும். ஒரு ஊர் தன் பழைய ஓவிய ஆசிரியரைச் சுவரில் பார்த்துப் பழகினால், தன் பள்ளிக்கு இன்று ஓவிய ஆசிரியர் இல்லை என்பதும் அதன் கண்ணில் படும்.

அப்படியானால் இது யார் வேலை? அரசை மட்டும் கைகாட்டிவிட்டு ஒதுங்க முடியாது. அரசுக்கு அந்தப் பெயர்களே தெரியாது, தெரிந்தவர்கள் நாம். குடும்பத்தின் தலையில் மட்டும் போடுவதும் நியாயமில்லை. பெட்டிக்குள் இருக்கும் கட்டை மூன்றாம் தலைமுறைக்குக் கொண்டுபோக எல்லாருக்கும் வீடும் வசதியும் இருக்காது. பிள்ளைகள் வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கிறார்கள். ஆளுக்கொரு பங்கு எடுத்துக்கொண்டால்தான் நடக்கும். இதில் கட்சி வேறுபாடு வரவும் இடமில்லை. எல்லாக் கட்சிக்காரரும் ஏதோ ஒரு டிராயிங் சாரிடம் குடம் வரைந்தவர்கள்தான்.

குடும்பத்தார் செய்ய வேண்டியது மிகக் குறைவு: எறியாமல் இருப்பது. லேமினேட் செய்ய வேண்டாம், செல்லோடேப் ஒட்ட வேண்டாம், செய்தித்தாளில் சுற்ற வேண்டாம். செய்தித்தாளின் அமிலம் படத்தில் இறங்கி அதையும் பழுப்பாக்கும். படத்தைக் கொடுத்தால் உரிமை போய்விடுமோ என்ற பயம் பலருக்கு இருக்கிறது. படம் கைமாறினாலும், எழுதிக் கொடுக்காத வரை, பதிப்புரிமை வரைந்தவரிடமே இருக்கும். அவர் மறைந்தபின் 60 ஆண்டுகள் வாரிசுகளுக்கு உண்டு. அசல் படம் பிற்காலத்தில் 10,000 ரூபாய்க்கு மேல் மறுவிற்பனையானால் அதில் பங்கு கேட்கவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. இதை அருங்காட்சியகங்களே ஒரு பக்கத் தாளில் அச்சிட்டுக் கொடுத்தால் பாதித் தயக்கம் போய்விடும்.

அதிகப் பொறுப்பு பழைய மாணவர்களுடையது என்பது என் கருத்து. முன்னாள் மாணவர் சந்திப்பு நடக்காத பள்ளி இன்று அபூர்வம். சால்வை போடுகிறோம், கேடயம் கொடுக்கிறோம், பிரியாணி சாப்பிட்டுப் படம் எடுத்துக்கொண்டு கலைகிறோம். அந்த நாளில் ஒரு மணி நேரத்தை ஒதுக்கி ஓவிய ஆசிரியரின் வீட்டுக்குப் போகலாம். இருப்பவற்றை நேர் வெயில் படாத பகல் வெளிச்சத்தில் வைத்துக் கைபேசியில் படம் பிடிக்கலாம். பின்பக்கத்தையும் சேர்த்து, ஏனென்றால் தேதியும் இடமும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். ஆசிரியர் உயிரோடிருந்தால் ஒவ்வொரு படத்தையும் எங்கே உட்கார்ந்து வரைந்தார் என்று அவர் வாயால் சொல்லவைத்துப் பதிவு செய்யலாம். மறைந்திருந்தால் அவரோடு வேலை பார்த்தவர்களைக் கேட்கலாம். காசு செலவில்லாத இந்த வேலையை இன்னும் பத்து வருடம் தள்ளிப்போட்டால் கேட்பதற்கு ஆள் இருக்காது. ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ திட்டத்தில் கட்டடத்துக்கும் கணினிக்கும் தாராளமாகக் கொடுக்கிற பழைய மாணவர்கள், பள்ளி வராந்தாவில் கண்ணாடிச் சட்டமிட்ட நாலு படங்களுக்கும் கொடுக்கலாம். பள்ளி மேலாண்மைக் குழு ஒரு தீர்மானம் போட்டால் போதும்.

அருங்காட்சியகத் துறைக்கும் ஒரு வேண்டுகோள். மாவட்டங்களில் துறைக்கு இருபதுக்கும் மேற்பட்ட அருங்காட்சியகங்கள் இருக்கின்றன. எழும்பூரில் 1930இலேயே தொடங்கப்பட்ட வேதியியல் பாதுகாப்பு ஆய்வகம் இருக்கிறது. செப்புத் திருமேனிகளைப் பச்சை படராமல் காத்த அறிவு நம்மிடம் உண்டு. காகிதத்துக்கும் அதை நீட்டுவது முடியாத காரியமல்ல. ஆண்டுக்கொரு முறை அந்த ஆய்வகத்தார் மாவட்டத்துக்கு வந்து, மக்கள் வீட்டிலிருந்து கொண்டுவரும் படங்களைப் பார்த்து எப்படி வைத்துக்கொள்வது என்று சொல்லிக் கொடுத்தால் அதுவே பெரிய தொண்டு. கம்பெனிகள் சட்டத்தின்படி நிறுவனங்கள் சமூகப் பொறுப்புக்கு ஒதுக்கும் பணத்தைக் கலை, பண்பாட்டுப் பாதுகாப்புக்கும் செலவிடலாம். அமிலமற்ற அட்டையும் கண்ணாடிச் சட்டமும் ஒரு நூற்பாலைக்கோ சிமெண்ட் ஆலைக்கோ சுமையாகிற செலவு அல்ல. சென்னையிலும் கும்பகோணத்திலும் இருக்கும் அரசு கவின்கலைக் கல்லூரிகளின் மாணவர்கள் ஆளுக்கொரு பழைய ஓவிய ஆசிரியரைத் தேடிப் போய் எழுதிவந்தால் அது பாடத்திட்டத்துக்கும் பொருத்தமான வேலைதான்.

முதல் அடியாக நான் கேட்பது இதுதான். வரும் செப்டம்பர் 5, ஆசிரியர் தினத்துக்குள் ஒவ்வொரு மாவட்ட அருங்காட்சியகமும் ஒரு சுவரைக் காலி செய்யட்டும். அந்த மாவட்டத்துப் பள்ளிகளில் வேலை பார்த்த ஓவிய ஆசிரியர் ஒருவரின் படங்கள் மூன்று மாதம் அதில் இருக்கட்டும், அதன்பின் வேறொருவர். படங்கள் இரவலாக வந்தால் போதும், காட்சி முடிந்ததும் வீட்டாரிடமே திரும்பட்டும். விவரச் சீட்டில் நான்கு வரி வேண்டும்: வரைந்தவர் பெயர், வரைந்த ஆண்டு, எந்த இடத்தைப் பார்த்து வரைந்தது, எந்தப் பள்ளியில் எத்தனை ஆண்டு பாடம் சொன்னார். அந்த நான்கு வரிக்கான தகவலைத் தேடிக் கொடுப்பது அவரிடம் படித்தவர்களின் வேலை.